சம்பந்தி வீட்டுச் சுவரில் வடகம்

ஜாதகத்தை அந்த டீப்பாய் மேலயே வைங்க மதினி. எடுத்துப் பாக்கமாட்டேன்னு நினைச்சுக்கிடாதிய. நல்ல பொண்ணுன்னு நானும் கேள்விப்பட்டேன், செங்கோட்டைல அந்தக் குடும்பத்தைத் தெரியாதவுக யாரு இருக்கா? ஆனா அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். நீங்க காப்பியக் குடிங்க. ஆறிப்போச்சுன்னா, இந்தச் சிதம்பரவடிவு ஆறின காப்பி குடுத்தாள்னு ஊர்ல போயிச் சொல்லுவிய. சொல்லமாட்டிய, நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நான் பிலிப்பைன்ஸ் போயிட்டு வந்ததைப் பத்தி ஊர்ல என்னென்னமோ பேச்சு. என்னமோ நான் அங்க போயி அடுத்தவுக வீட்டுத் திருவிழாவைக் குட்டிச்சுவராக்கிட்டு வந்தேன்னு என் நாத்தனாரே சொல்லித் திரியுதா. நடந்தது நடந்தபடி சொல்லுதேன், நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க.

எங்க உலகநாதன் சிங்கப்பூர்ல கப்பல் பழுதுபாக்குத இடத்துல இன்ஜினியரா இருக்கான், அது உங்களுக்குத் தெரியும். அங்க இருந்து போன் பண்ணி, "அம்மா, ஒரு பொண்ணு இருக்கா. மரிசெல்னு பேரு. பிலிப்பைன்ஸ்"ன்னான். நான் போய்ப் படுத்தவதான், எந்திரிக்கவே இல்ல. எங்க வீட்ல அவுககிட்ட, "உங்க பிள்ளை செய்யுத காரியத்தைக் கேட்டியளா"ன்னு அழுதா, அவுக பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, "அங்க தேங்கா நல்லாக் காய்க்கும்"னாக. அவ்வளவுதான் மதினி. பெத்த தகப்பன் சொன்ன அபிப்பிராயம் அவ்வளவுதான்.

ஆனா என் பிள்ளை ஒண்ணு சொன்னான். "அம்மா, நீ அவுக வீட்ல வந்து தங்கிப் பாரு. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். உன் வாயால சரின்னு சொல்லாம நான் தாலி கட்டமாட்டேன்." இந்தக் காலத்துல இப்படிச் சொல்லுத பிள்ளை யாருக்கு வாய்க்கும்? நான் உடனே சரின்னுட்டேன். போறதுக்குச் சரின்னேன், கல்யாணத்துக்கு இல்ல. போகணும், அடுப்படியைப் பாக்கணும், ஒரு குத்தத்தைக் கண்டுபிடிச்சு வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த விமானத்துல ஏறணும், அதான் என் திட்டம். அடுப்படில குத்தம் இல்லாத வீடு எங்க இருக்கு, சொல்லுங்க.

எங்க வீட்ல அவுக வரல. திருச்செந்தூர் போகவே நாள் பாப்பாக. நான் சிங்கப்பூர் போயி, அங்க இருந்து உலகநாதனோட மணிலா போயி இறங்குனேன். ஏர்போர்ட் வாசல்ல அந்தப் பொண்ணு நிக்கா. குட்டையா, உருண்டை முகமா, வாயெல்லாம் சிரிப்பு. என் கையப் பிடிச்சுத் தன் நெத்தியில வெச்சுக்கிட்டா. அவுக ஊர்ல பெரியவங்களுக்குச் செய்யுத மரியாதையாம். எனக்கு அது பிடிச்சுதான் இருந்துச்சு, ஆனா காட்டிக்கிடல. அப்புறம் என் முகத்தைப் பாத்து நல்ல தமிழ்ல கேக்கா, "அத்தை, ஒண்ணுக்குப் போகணுமா?"

சிரிக்காதிய மதினி. எனக்கு வரப்போற மருமக என்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. அவ சிங்கப்பூர்ல வயசானவங்க விடுதியில நர்ஸ், லீவுல எங்களுக்கு முன்னாலயே வந்துட்டா. அங்க இருக்குத நம்ம ஊரு ஆச்சிமாரு வாயில இருந்து கத்துக்கிட்ட தமிழ் அது. எந்திரிங்க, படுங்க, வாயத் திறங்க, மாத்திரை போட்டாச்சா, இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆச்சிமாரு ஏசுத ஏச்சும் மொத்தமாத் தெரியும். நடுவுல இருக்குத சாதாரணப் பேச்சுதான் தட்டுத்தடுமாறி வரும்.

அங்க இருந்து வேன்ல கேசோன்னு ஒரு மாகாணம், அதுல லுக்பான்னு ஒரு ஊரு. பக்கத்துலயே பெரிய மலை. நம்ம குத்தாலம் மாதிரி, வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கும், திடீர்னு சாரல் விழும். பொண்ணோட அம்மா பேரு லூர்தெஸ். நம்ம பாளையங்கோட்டை லூர்து டீச்சர் இருக்காகளே, அந்தப் பேருதான், அதனால நான் லூர்துன்னே கூப்பிட்டேன். மாதா கோயில் முக்குல தள்ளுவண்டி போட்டு நூடுல்ஸ் விக்கா. அப்பா நெஸ்தோர், ஜீப் ஓட்டுதாரு, நம்ம வீட்டு அவுக மாதிரியே வாய் திறக்க மாட்டாரு.

நான் நேரா அடுப்படிக்குப் போனேன். அங்கதான் மதினி எனக்கு முதல் அடி விழுந்துச்சு. பூராவும் அரிசி, தேங்கா, வாழையிலை! பலாக்காயைத் தேங்காப்பால்ல போட்டு வேக வெச்சுக் குடுத்தா. வாழையிலையில அரிசியக் கட்டி அவிச்சுக் குடுத்தா, நம்ம இலைக்கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. மலையில முளைக்குத ஏதோ கீரை, சுருட்டை சுருட்டையா இருக்கு, அதுல தக்காளியும் வெங்காயமும் போட்டு வினிகர் ஊத்திக் குடுத்தா. நான் சைவம்னு முன்னாலயே சொல்லிட்டானாம். குத்தம் கண்டுபிடிக்க வந்தவளுக்குக் குத்தம் கிடைக்காட்டா எப்படி இருக்கும்? எரிச்சலா வந்துச்சு.

சரி, வெளியில பாப்போம்னு தெருவுக்குப் போனேன். தெருவுல கிடைச்சுது. வாத்து முட்டையை உடைச்சா உள்ள குஞ்சு! இறகு முளைச்ச குஞ்சு மதினி! அதை உப்புத் தொட்டு ஒரு ஆளு நின்னுக்கிட்டே திங்கான். நான் "முருகா"ன்னு போட்ட சத்தத்துல அவன் பாதியைக் கீழ போட்டுட்டான். பன்னிக்கறியில பூண்டு போட்டுக் குடல்ல திணிச்சு, சாமந்தி மாலை மாதிரி சரம் சரமாக் கட்டித் தொங்க விட்டிருக்காக. அப்புறம் இந்த லூர்து விக்குத நூடுல்ஸ். வாழையிலைத் துண்டுல வெச்சு, மேல வினிகர் ஊத்திக் குடுப்பா. கரண்டி கிடையாது, கையால தொடவும் கூடாது. இலையத் தூக்கி வாய்க்கிட்ட வெச்சு அப்படியே உறிஞ்சணும். டை கட்டின ஆபீசர் மூஞ்சில சாறு வழிய நின்னு திங்காரு. "இது மனுஷங்க திங்குத முறையா? எங்க ஊர்ல மாடுகூட இதைவிடப் பதவிசாத் திங்கும்"னு லூர்துகிட்டச் சொல்லச் சொன்னேன். உலகநாதன் என்னமோ ரொம்ப நேரம் சொன்னான். அவ நெஞ்சுல கைய வெச்சு, கண்ணு கலங்கி, எனக்குத் தலை குனிஞ்சு கும்பிட்டா. அவுக பாஷையில எதைச் சொன்னாலும் நீளமா ஆயிரும் போல. திரும்பி அவ பேசுவா, ரெண்டு தெரு தூரம் நடக்குத வரைக்கும் பேசுவா, இவன் தமிழ்ல "நல்லதாம்மா"ன்னு முடிச்சிருவான். நம்ம பாஷை எவ்வளவு சுருக்கம்னு அங்க போயித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன்.

அந்த வீட்டுப் பின்கட்டு அறையில ஒரு நாள் எட்டிப் பாத்தேன். பலகைக்கு அடியில அடுக்கடுக்கா என்னமோ அமுக்கி வெச்சிருக்காக. ஒண்ணை உருவிப் பாத்தா, மதினி, இலை வடகம்! அரிசி மாவை இலையில தேச்சு, ஆவியில வேக வெச்சு, உரிச்சுக் காய வெச்சது. இலையோட நரம்புகூட அப்படியே பதிஞ்சிருக்கு. சேப்பு, பச்சை, மஞ்சள்னு சாயம் வேற. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கடல் தாண்டி வந்து நம்ம வீட்டு வடகத்தைப் பாத்தா யாருக்குத்தான் சிலிர்க்காது? ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டேன். உப்பு இல்ல. சீரகம் இல்ல. பெருங்காயம் மருந்துக்குக்கூட இல்ல. ஆகா, குத்தம் கிடைச்சிருச்சுன்னு ஒரு சந்தோஷம். வடகத்துக்கு உப்புப் போடத் தெரியாத வீட்ல என் பிள்ளையக் குடுக்க முடியாதுன்னு சொல்லிரலாம்னு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டு வெச்சுக்கிட்டேன்.

அவுக ஊர்ல மே மாசம் விவசாயச் சாமிக்குத் திருவிழா. நம்ம ஊர்ல சப்பரம் வர மாதிரி சாமி வீதி உலா வரும். வாசல்ல நெல்லுக்கதிரு, பூசணிக்கா, முள்ளங்கி, வாழைத்தார்னு விளைஞ்சதையெல்லாம் கட்டித் தொங்க விடுவாக. இதெல்லாம் உலகநாதன் சொன்னான். வடகத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நீங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, சொல்லவே இல்ல.

திருவிழா அன்னைக்கிக் காலையில எனக்குக் கால்ல வீக்கம், படுத்துட்டேன். வீட்ல எல்லாரும் வெள்ளனயே பூசைக்குப் போயாச்சு. என் பிள்ளையும் போயிட்டான், மாப்பிள்ளை முறுக்குல. நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்து அண்ணாந்து பாத்தா, வீட்டு முகப்பு பூராவும் வடகம்! மாடி ஜன்னல்ல இருந்து கீழ வரைக்கும் சரம் சரமா, சரவிளக்கு மாதிரி கொத்துக் கொத்தா. ராத்திரியோட ராத்திரியாக் கட்டியிருக்காக. எதிர்த்த வீட்லயும் அப்படியே. சரி, ஊரே இன்னைக்கு வடகம் காயப் போட்டிருக்கு, தெருப்பக்கம்தான் வெயில் நல்லா விழும் போலன்னு நினைச்சேன். நெல்லுக்கதிரு அலங்காரம்னு எனக்குத் தெரியாதா? பூசணிக்காயில நான் கை வெச்சேனா? வடகத்தை அலங்காரத்துக்குக் கட்டுவாகன்னு உங்களுக்குத் தோணுமா? நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க.

அப்பப் பாத்து மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வருது.

மதினி, நீங்களும் வடகம் போடுத வீட்ல வாக்கப்பட்டவுகதான. வானம் கறுத்தா நம்ம காலு நம்மளக் கேட்டா ஓடுது? தூறல் ஒண்ணு கையில விழுந்துச்சு. அவ்வளவுதான், காலு வீக்கமெல்லாம் எங்க போச்சோ. ஏணியை எடுத்துச் சாத்தினேன். எதிர்வீட்டைப் பாத்து, "ஏளா, மழை வருது, வடகத்தை எடு"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். ஒருத்தியும் வெளிய வரல, எல்லாம் கோயில்ல இருக்கு. ஜன்னல்ல இருந்து ஏணியில, ஏணில இருந்து ஜன்னல்ல, ஒண்ணுகூட ஒடியாம எடுத்தேன். அந்தப் பன்னிக்கறி மாலையும் தொங்குச்சு. பிறந்ததுல இருந்து முட்டைகூடத் தொடாத கை இது. கையில பிளாஸ்டிக் பையச் சுத்திக்கிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, அதையும் எடுத்து உள்ள வெச்சேன். நான் சைவம்னா மழைக்குத் தெரியுமா? நனையுத பண்டம் பண்டம்தான. எதிர்வீட்டுதையும் எடுத்துக் குடுக்கலாம்னு ஏணியத் தூக்கிக்கிட்டுப் போனேன், எட்டல.

உள்ள வந்து பாத்தா, வடகத்துல அங்கங்க தண்ணி பட்டிருக்கு. தண்ணி பட்ட வடகத்தை என்ன செய்வோம்? வெயில் இல்ல. வெச்சிருந்தா பூத்துப் போகும். உடனே பொரிச்சுற வேண்டியதுதான். பெரிய சட்டிய அடுப்புல ஏத்துனேன். தேங்கா எண்ணெயை ஊத்துனேன். ஒண்ணு போடுதேன், பூ மாதிரி விரியுது. உப்பையும் மிளகாத்தூளையும் மேல தூவுனேன், நான் கொண்டு போன பெருங்காயத்துலயும் ஒரு சிட்டிகை. எல்லாத்தையும் பொரிச்சு முடிச்சு, குளிக்குத டப்பு, சலவைக் கூடைன்னு கையில கிடைச்சதுலயெல்லாம் குமிச்சு வெச்சேன். ஒண்ணுகூடக் கருகல. யாரு என்ன சொன்னாலும், நல்லாப் பொரிஞ்சுது மதினி.

மழை? அது கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. அதுக்கு நானா பொறுப்பு?

பூசை முடிஞ்சு வந்தாக. நான் வாசல்ல கூடையோட நிக்கேன். லூர்து வீட்டை அண்ணாந்து பாத்தா. அப்புறம் இந்தப் பக்கத்து வீட்டைப் பாத்தா, அந்தப் பக்கத்து வீட்டைப் பாத்தா. தெரு மாறி வந்துட்டோமோன்னு நினைச்சா போல. நெஸ்தோர் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டாரு. நான் ஒரு வடகத்தை எடுத்து லூர்து கையில குடுத்தேன். அவ அப்படியே தெருவோரத்துல உக்காந்துட்டா. உக்காந்து, அந்த வடகத்தைப் பாத்துக்கிட்டே பொலபொலன்னு கண்ணீர். என்னென்னமோ சொன்னா. சொல்லிக்கிட்டே இருந்தா. உலகநாதனுக்குக் காதெல்லாம் சேப்பாயிருச்சு. "என்னல சொல்லுதா?"ன்னு கேட்டேன். "ரொம்ப சந்தோஷமாம்மா"ன்னான். பாத்தியளா, ஒரு ஒத்தாசை செஞ்சா எப்படி நெகிழ்ந்து போறாகன்னு நினைச்சேன். மரிசெல் மட்டும் என்னைப் பாத்து வாயத் திறந்தா. உலகநாதன் அவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டான்.

கொஞ்ச நேரத்துல கமிட்டிக்காரங்க நாலஞ்சு பேரு சட்டையில பேட்ஜ் குத்திக்கிட்டு வந்தாக. ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் நின்னு பாத்துக் குறிச்சுக்கிட்டு வாராக. எங்க வீட்டு முன்னால நின்னாக. சுவத்தைப் பாத்தாக. என்னைப் பாத்தாக. வந்தவங்களுக்கு ஒண்ணும் குடுக்காம அனுப்பலாமா? ஆளுக்கு ரெண்டு வடகம் குடுத்தேன். அவுகளும் தின்னுட்டு, தலைய ஆட்டிட்டு, ஒண்ணும் எழுதாமப் போயிட்டாக. சாமி வந்துச்சு, பின்னால கூட்டம் வந்துச்சு, எல்லாருக்கும் அள்ளி அள்ளிக் குடுத்தேன். கூட்டம் எங்க வீட்டை விட்டு நகரல மதினி! மத்த வீட்டையெல்லாம் அண்ணாந்து பாத்துட்டுப் போனாக, எங்க வீட்லதான் நின்னு தின்னாக.

அதுக்கப்புறம் அந்த வீட்ல எனக்கு மரியாதை கூடிப்போச்சு. நாற்காலியத் துடைச்சுப் போடுதாக. தண்ணி கேக்குததுக்கு முன்னால தண்ணி வருது. லூர்து என்னைப் பாக்கும்போதெல்லாம் போட்டோவுக்கு நிக்க மாதிரி ஒரு சிரிப்பு. யாரும் குரலை ஒசத்திப் பேசல. என்ன இருந்தாலும் ஒரு வீட்ல அவ்வளவு மரியாதை நல்லா இல்ல மதினி. ஆஸ்பத்திரில இருக்க மாதிரி இருந்துச்சு.

சரி, வந்த வேலைய முடிப்போம்னு உலகநாதனைக் கூப்பிட்டேன். "ஏல, நான் எல்லாம் பாத்தாச்சு. என் முடிவைச் சொல்லுதேன்"னேன். வடகத்துல உப்பு இல்லங்கதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு வாயத் திறந்தேன். அவன், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அவுக சொல்லியாச்சு"ன்னான்.

"என்ன சொன்னாக?"

"வேண்டாம்னு."

எனக்கு முதல்ல விளங்கல. யாரு யாரை வேண்டாம்னது? அப்பத்தான் அந்த மூதி உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னான். சாமி எல்லா வருஷமும் அந்தத் தெருவுல வராதாம், தெருவுக்குத் தெரு முறை மாறுமாம். போன தடவை அவுக முறை வந்தப்போ மரிசெல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாம். அந்த வடகம் சுவத்துல கட்டுததுக்குன்னே செஞ்சதாம். பின்கட்டுல வாரக்கணக்கா லூர்து ஒத்தையில மாவு தேச்சாளாம். கமிட்டிக்காரங்க வந்தது அலங்காரத்துக்குப் பரிசு குடுக்கவாம். எல்லாம் முடிஞ்ச பொறவு இறக்கி, பொரிச்சுத் திம்பாகளாம்.

"பாத்தியா, கடைசில பொரிக்கத்தான போறாக"ன்னேன். "அம்மா!"ன்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க. என்கிட்ட அவன் சத்தம் போட்டதே இல்ல. "இந்த அம்மா இருக்குத வீட்டுக்கு என் மகளை அனுப்பமாட்டேன்னுட்டாக. மரிசெல் அழுதுக்கிட்டு இருக்கா. உனக்கு இப்ப சந்தோஷம்தான?"ன்னு கேட்டுட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தான். அவன் கண்ணுல தண்ணி மதினி.

எனக்குச் சந்தோஷமா? எனக்கு ரத்தம் கொதிச்சுது. வேண்டாம்னு சொல்ல நான் டிக்கெட் எடுத்துக் கடல் தாண்டி வந்திருக்கேன், இவ உக்காந்த இடத்துல இருந்து வேண்டாம்னு சொல்லுவாளா? என் உலகநாதனை? அவனுக்கு என்ன குறை? ஒரு கெட்ட பழக்கம் உண்டா? அவன் அப்பாவைப் பாத்து யாராவது ஒரு சொல் சொன்னது உண்டா? செருப்பை மாட்டுனேன். "எங்க அந்த மரிசெல்? வரச் சொல்லு அவளை"ன்னேன். "அம்மா, நான் வந்து பேசுதேன்"னு இவன் எந்திரிச்சான். "நீ பேசினது போதும். உன்னை வெச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் நல்லதாம்மா, நல்லதாம்மான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ இங்கயே கிட"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கோயில் முக்குக்குப் போனேன். "நான் சொல்லுததைச் சொன்னபடியே சொல்லணும், அவ சொல்லுததையும் சொன்னபடியே சொல்லணும், ஒரு வார்த்தை கூட்டக் குறைக்கப்படாது"ன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

லூர்து வண்டியில நூடுல்ஸ் கிண்டிக்கிட்டு இருக்கா. சுத்தி நல்ல கூட்டம். நான் போயி நின்னு, "என் பிள்ளைக்கு என்னட்டி குறை?"ன்னேன்.

மரிசெல் சொன்னா. லூர்து கரண்டியக் கீழ வெச்சா. அப்புறம் அவ வாயில இருந்து வந்துச்சு பாருங்க மதினி! அடைமழை. கூட்டம் அத்தனையும் இலைய வாய்க்கிட்டப் பிடிச்சபடி உறிஞ்சாம நிக்கி. மரிசெல் சத்தியத்தைக் காப்பாத்துனா. தெரிஞ்ச தமிழ் பூராவையும் எடுத்து விட்டா. "அம்மா சொல்றாங்க, நீங்க கட்டையில போக. உங்க கையில புத்து வைக்க. பாவி மக, கொள்ளி வெச்சிட்டியே. எங்க சாமி வர்ற அன்னைக்கு என் வீட்டை மொட்டை அடிச்சிட்டியே." எல்லாம் நம்ம ஆச்சிமாரு ஏச்சு! அப்புறம் அவளா ஒண்ணு சேத்துக்கிட்டா. "அத்தை, உங்க வீட்டு கொலு பொம்மையை எங்கம்மா வந்து அடுப்புல போட்டா சும்மா இருப்பீங்களா?"

அது வேற விஷயம் மதினி. பொம்மையத் திங்க முடியாதுல்லா.

விடுவேனா? "மழையில நனையவிட்டு வேடிக்கை பாக்கச் சொல்லுதியா? உனக்கு வேண்டாத வடகத்தைக் காப்பாத்த என் வீங்குன காலோட ஏணியில ஏறுனேனே, அதை எவளாவது செய்வாளா? உப்பில்லாத வடகத்துக்கு உப்புப் போட்டுக் குடுத்தேனே"ன்னு நானும் ஆரம்பிச்சேன். சண்டைன்னா சண்டை, கோயில் முக்கே கிடுகிடுத்துப்போச்சு. நடுவுல அவ என்ன செஞ்சா தெரியுமா? ஏசிக்கிட்டே, அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னச் சட்டியில இருந்து நூடுல்ஸை வாரி, இலையில வெச்சு, வினிகரை ஊத்தி, என் கையில திணிச்சுட்டா. சூடா இருக்கு, கீழயும் போட முடியல. இந்தப் பக்கம் மரிசெல், "வாயத் திறங்க. முழுங்குங்க"ங்கா. பழக்க தோஷம் அவளுக்கு. நானும் திறந்துட்டேன். ஏசுததும் அதே வாய், திங்குததும் அதே வாய், நான் என்ன செய்ய? மூக்குல மோவாக்கட்டையில எல்லாம் சாறு. நான் முழுங்கி முடிக்குத வரைக்கும் அவ இஷ்டத்துக்கு ஏசிட்டா.

முழுங்குன பொறவுதான் பகீர்னுச்சு. "ஏளா, இதுல கறி கிறி இருக்கா?"ன்னு அலறுனேன். மரிசெல் அந்தச் சின்னச் சட்டியக் காட்டுனா. "இது உங்க சட்டி அத்தை. நீங்க வந்த அன்னைக்கே அம்மா வாங்கிட்டாங்க. இதுல வேற யாருக்கும் சமைக்க மாட்டாங்க." சௌசௌவும் காரட்டும் மட்டும்தான் கிடந்துச்சு அதுல. என்னை வேண்டாம்னு சொன்ன பொறவும், கடையில கூட்டம் முட்டுத நேரத்துலயும், அந்தச் சட்டியைத் தனியா வெச்சிருந்திருக்கா. என் கூடப் பிறந்தவ வீட்லகூட எனக்குத் தனிச் சட்டி கிடையாது மதினி. அவ வாக்கப்பட்ட இடத்துல மீன் உண்டு, மீன் குழம்பு வெச்ச சட்டியக் கழுவிட்டு அதுலயே சாம்பார் வெப்பா. எனக்கு அழுகை வந்துருச்சு. வினிகர் கண்ணுல பட்ட மாதிரி துடைச்சுக்கிட்டேன்.

கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுக் கேட்டேன். "ஏன் லூர்து, இவ்வளவு ஏச்சை வயித்துல வெச்சுக்கிட்டு அன்னைக்கே ஏன் ஏசல?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாராவது ஏசுவாங்களா?"

"அப்ப இன்னைக்கு மட்டும் என்னத்துக்கு ஏசுத?"

மரிசெல் இதைத் திருப்பிச் சொன்னா. லூர்து பதில் சொல்ல வாயத் திறந்தா. திறந்த வாயோட என்னைப் பாத்தா. மகளைப் பாத்தா. கரண்டி பாட்டுக்குக் கையில நிக்கி. நூடுல்ஸ் அடிப்பிடிக்குத வாசனை வந்துச்சு. நான் குனிஞ்சு தீயைக் குறைச்சேன். அவ என் கையில ஒரு தட்டு தட்டுனா, என் அடுப்பைத் தொடாதன்னு. தட்டிட்டுச் சிரிச்சுட்டா. நானும் சிரிச்சுட்டேன். இலையோட நின்ன அத்தனை பேரும் கை தட்டுனாக, என்ன விளங்குச்சோ அவுகளுக்கு.

அங்கயேதான் சம்பந்தம் முடிவாச்சு. நான்தான் முதல்ல சரின்னு சொன்னேன். அவளைக் கேட்டா அவதான் முதல்லன்னு சொல்லுதா. மரிசெல்கிட்டக் கேட்டா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துலன்னு மழுப்புதா, நம்ம உலகநாதன் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கிடுச்சு.

அதனால ஜாதகத்தை எடுத்துக்கோங்க மதினி. மனசுல ஒண்ணும் வெச்சுக்கிடாதிய, அந்தப் பொண்ணுக்கு நானே நல்ல இடமாப் பாத்துச் சொல்லுதேன். ஆவணியில கல்யாணம், நம்ம ஊர்லதான், நீங்க குடும்பத்தோட வந்துரணும். சமையல் என் பொறுப்பு. பந்தல் அலங்காரம் பூரா லூர்து பொறுப்பாம், வடகம் கட்டித்தான் ஜோடிப்பாளாம், அந்தப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்கக்கூடாதாம். நேத்து வீடியோவுல வந்தா, மரிசெல்லும் பக்கத்துல இருந்தா. "அதெல்லாம் சரி, ஆவணியில இங்க மழை வந்தா என்ன செய்யப் போற?"ன்னு கேட்டேன். நல்லதுக்குத்தான மதினி கேட்டேன்? அவ என்னமோ ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே டப்புன்னு போனை வெச்சுட்டா. விருந்தாளிகிட்ட யாராவது அப்படிப் போனை வைப்பாளா? சம்பந்திதான் வைப்பா.